எடை மேடைக்குப் புதிய விண்டோஸ் ஏன் ஒத்துவருவதில்லை?

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியெங்கும் சேகோ ஆலைகள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் லாரி அங்கே முதலில் ஏறுவது எடை மேடையில்தான். எடையையும் மாவுச்சத்துப் பாயிண்டையும் வைத்துத்தான் கிழங்குக்குப் பணம். அதனால் கணினித் திரையில் வரும் அந்த எண் ஒரு விவசாயியின் பல மாத உழைப்பு.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. சரி என்று கணினியை மாற்றி விண்டோஸ் 11 போட்டால், சில இடங்களில் எடை மென்பொருளில் எண்ணே வருவதில்லை. மேடையை விற்றவருக்குப் போன் செய்தால், "அது பழைய மாடல் சார், புது இண்டிகேட்டர் வாங்கிடுங்க" என்று பதில் வருகிறது. இண்டிகேட்டர் என்பது எடையை எண்ணாகக் காட்டும் பெட்டி. பெரும்பாலும் இது நியாயமில்லாத பதில். ஏன் என்று புரிய, எடை கணினிக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

மேடைக்கு அடியில் லோடு செல் எனப்படும் எஃகுத் துண்டுகள் இருக்கின்றன. லாரி ஏறியதும் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கும். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைகளும் கூடவே நெளிய, அவற்றின் மின்தடை மாறும். 10 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்திலும் திரும்பி வருவது பொதுவாக 20 மில்லிவோல்ட் அளவுதான். இந்தத் துளி மின்னழுத்தத்தைப் பெருக்கி, எண்ணாக்கிக் காட்டுவது இண்டிகேட்டரின் வேலை. அதே எண்ணை, தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் போர்ட் என்ற இணைப்பு வழியாகச் சாதாரண எழுத்துகளாக, '18450' என்பது போல, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கான ஆர்எஸ்-232 தரம் 1960இல் வந்தது. இந்தக் கட்டம் வரை விண்டோஸுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

இப்போதைய கணினிகளில் சீரியல் போர்ட் இருப்பது அரிது. அதனால் நடுவில் யுஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் ஒன்று வருகிறது. அதற்குள் ஒரு சிப், அந்தச் சிப்போடு விண்டோஸ் பேச டிரைவர் எனப்படும் ஒரு சிறு மென்பொருள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

பழைய 32 பிட் முறையில் எழுதிய சாதாரண மென்பொருளை இப்போதைய 64 பிட் விண்டோஸ் தனி ஏற்பாடு செய்து ஓட்டிவிடும். இத்தகைய டிரைவர் அப்படியில்லை, அது கெர்னல் என்னும் உள்மையத்துக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே நினைவக முகவரிகள் 8 பைட்டில் இருக்கும்போது, 4 பைட் முகவரியை மட்டுமே அறிந்த டிரைவரை உள்ளே விட முடியாது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. போதாததற்கு டிரைவரில் முறையான டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். டிரைவரை இதற்கேற்ப மாற்ற அதை எழுதிய மூல நிரல் வேண்டும், அது சிப் செய்த நிறுவனத்திடம் பூட்டிக் கிடக்கிறது. அவர்கள் பழைய சிப்பைக் கைவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் கேபிளும் அன்றோடு குப்பைதான். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் இத்தகைய டிரைவர்களின் மூல நிரல் கெர்னலோடு சேர்ந்தே இருக்கிறது. உள்ளே ஒன்றை மாற்றுகிறவர்கள் டிரைவரையும் சேர்த்தே திருத்திவிடுகிறார்கள். விண்டோஸ் ஒதுக்கிய கேபிள் லினக்ஸில் பேசுவது அதனால்தான்.

கோளாறு எங்கே என்று நீங்களே பார்த்துவிடலாம். கணினியோடு இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கேபிளின் பெயர் மீது மஞ்சள் முக்கோணம் இருந்தால் கேபிளை மாற்றுங்கள்; விண்டோஸ் 11க்கு டிரைவர் தருகிற சிப் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும். முக்கோணம் இல்லையென்றால் எடை மென்பொருளை மூடிவிட்டு, புட்டி (PuTTY) என்ற இலவச நிரலில், கேபிளுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் காம் எண்ணையும், இண்டிகேட்டர் தகவல் அனுப்பும் வேகமான பாட் வேகத்தையும் கொடுங்கள். திரையில் சரியான எடை ஓடினால் லோடு செல், இண்டிகேட்டர், கேபிள் மூன்றும் நலம். குறை மென்பொருளில் இருக்கிறது. பழைய மென்பொருள் சிலவற்றில் காம் 1 முதல் 4 வரைதான் தேர்வு செய்ய முடியும். புதுக் கேபிள் காம் 7இல் போய் உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரிலேயே அந்த எண்ணை மாற்றலாம். விஷுவல் பேசிக் 6இல் எழுதிய மென்பொருளாக இருந்தால், எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் என்ற சிறு கோப்பு புதிய கணினியில் இல்லாமல் போயிருக்கலாம். அப்படியானால் அதை நிறுவிப் பதிவு செய்தால் போதும்.

இதில் எதையும் பார்க்காமல் இண்டிகேட்டரை மாற்றச் சொல்வது சின்ன விஷயமில்லை. மாற்றினால் எடைக்கல் வைத்து மறுபடி அளவு திருத்த வேண்டும், எடையளவு ஆய்வாளரிடம் புதிதாக முத்திரையும் பெற வேண்டும். அதுவரை அந்த மேடையில் வியாபாரத்துக்கு எடை போட முடியாது.