அழுத்துவது ஒன்று, விழுவது வேறொன்று: ரிமோட் டெஸ்க்டாப்பில் கீபோர்டு ஏன் தடுமாறுகிறது?

கீபோர்டில் ஏ என்று அச்சடித்திருக்கும் விசையை அழுத்தும்போது, அது ஏ என்பதே கீபோர்டுக்குத் தெரியாது. எந்த இடத்தில் இருக்கும் விசை அழுந்தியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. அதை ஸ்கேன்கோட் என்பார்கள். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கணக்கில் ஏ விசையின் எண் 30. விசையிலிருந்து விரலை எடுத்ததும் இன்னோர் எண் போகும்: 30உடன் 128ஐக் கூட்டி 158. இன்றைய யுஎஸ்பி கீபோர்டுகள் அழுந்தியிருக்கும் விசைகளின் பட்டியலை அனுப்புகின்றன, அதில் ஏ விசைக்கு எண் 4. எண்கள் மாறினாலும் அங்கும் இடம்தான் பேசுகிறது.

அந்த எண்ணை எழுத்தாக மாற்றுவது இயங்குதளத்தின் வேலை. அதற்கு அது வைத்திருக்கும் அட்டவணைதான் லேஅவுட். அமெரிக்க லேஅவுட்டில் ஷிப்டும் 2ம் சேர்ந்தால் @ வரும். பிரிட்டிஷ் லேஅவுட்டில் அதே இரண்டு விசைகளுக்கு இரட்டை மேற்கோள் குறி வரும். ஜெர்மன் லேஅவுட்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் எல்லாமும் மற்ற விசைகளைப் போன்றவையே. ஷிப்ட் அழுந்திய செய்தி வந்தால், அதை விட்ட செய்தி வரும்வரை அது அழுந்தியே இருப்பதாக இயங்குதளம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவில் இருக்கும் கணினியை இங்கிருந்தே இயக்கும் ஏற்பாடு) வழியே ஒரு விர்ச்சுவல் மெஷினில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) தட்டும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும். இடம் எங்கே எழுத்தாக மாறுகிறது? விசையை விட்ட செய்தி கடைசிவரை போய்ச் சேர்கிறதா? இவற்றைக் கேட்காமல் கீபோர்டு டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவதில் பலருடைய ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. அநேகமாக டிரைவர் மேல் எந்தத் தப்பும் இருக்காது.

பாதை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். உங்கள் மேசையில் இருக்கும் கணினியின் இயங்குதளம் விசையை முதலில் வாங்குகிறது. அதனிடமிருந்து ரிமோட் டெஸ்க்டாப் செயலி வாங்கி வலையில் அனுப்புகிறது. தொலைவில் இருக்கும் கணினி அதை வாங்கித் தன் திரையில் திறந்திருக்கும் கன்சோல் ஜன்னலுக்கு, அதாவது விர்ச்சுவல் மெஷினின் திரையைக் காட்டும் ஜன்னலுக்கு, கொடுக்கிறது. கன்சோல் ஹைப்பர்வைசரிடம், அதாவது விர்ச்சுவல் மெஷினை இயக்கும் மென்பொருளிடம் கொடுக்க, ஹைப்பர்வைசர் ஒரு பொய்க் கீபோர்டை உருவாக்கி, அதிலிருந்து வருவதுபோல கெஸ்ட்டுக்கு, அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு எண்களை ஊட்டுகிறது. கெஸ்ட் தன் லேஅவுட்டைப் பார்த்து எழுத்தாக்குகிறது. மூன்று இயங்குதளங்கள், மூன்று லேஅவுட்கள், நடுவில் இரண்டு மூன்று மென்பொருள்கள்.

இந்தப் பாதையில் ஓடும் நெறிமுறைகளில், அதாவது செய்தியை எப்படி அனுப்புவது என்ற விதிகளில், இரண்டு வகை உண்டு. ஆர்டிபி (விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறை), ஸ்பைஸ் (விர்ச்சுவல் மெஷின்களுக்கானது) போன்றவை பெரும்பாலும் இடத்தை, அதாவது ஸ்கேன்கோடை அனுப்புபவை. விஎன்சி என்ற இன்னொரு நெறிமுறை எழுத்தை அனுப்புவது. விஎன்சியில் ஒரு விசைச் செய்தியின் நீளம் வெறும் 8 பைட்: இது விசைச் செய்தி என்று சொல்ல ஒரு பைட், அழுத்தலா விடுதலா என்பதற்கு ஒரு பைட், இரண்டு பைட் காலி, மீதி நான்கு பைட்டில் எழுத்தின் எண். சாதாரண டெஸ்க்டாப் ஒன்றைத் தொலைவிலிருந்து இயக்க இது அருமையான ஏற்பாடு. யார் எந்த லேஅவுட் வைத்திருந்தாலும் எழுத்து எழுத்தாகவே போய்விடும்.

ஆனால் விர்ச்சுவல் மெஷின் என்று வந்துவிட்டால் இதுவே வினையாகிறது. கெஸ்ட்டுக்கு எழுத்தைக் கொடுக்க முடியாது. அது எதிர்பார்ப்பது கீபோர்டின் எண். ஆகவே எழுத்தாக வந்ததை ஹைப்பர்வைசர் மறுபடி இடமாக்க வேண்டும். ஒரு கவிதையை மொழிபெயர்த்துவிட்டு, மூலத்தைத் தொலைத்தபின், மொழிபெயர்ப்பிலிருந்து மூலத்தைத் திரும்ப எழுதுவதைப் போன்ற வேலை இது.

ஒரு விசையை மட்டும் பின்தொடர்ந்து போவோம். உங்களுடையது பிரிட்டிஷ் கீபோர்டு, கெஸ்ட்டிலும் பிரிட்டிஷ் லேஅவுட்டே வைத்திருக்கிறீர்கள். இரட்டை மேற்கோள் குறிக்காக ஷிப்டையும் 2ஐயும் அழுத்துகிறீர்கள். உங்கள் கணினி அதைச் சரியாக மேற்கோள் குறி என்று எடுத்துக்கொள்கிறது. விஎன்சி செயலி அதன் எண்ணான 34ஐ அனுப்புகிறது. மறுமுனையில் விர்ச்சுவல் மெஷினை இயக்கும் கியூஇஎம்யூ. அதில் யாரோ எப்போதோ அமெரிக்க கீமேப்பை (எழுத்தைத் திரும்ப இடமாக்கும் அட்டவணை) குறிப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க லேஅவுட்டில் மேற்கோள் குறி எங்கே இருக்கிறது என்று அது தேடுகிறது. என்டர் விசைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை மேற்கோள் விசையில், ஷிப்டுடன். அதன் ஸ்கேன்கோட் 40. சரி என்று 40ஐக் கெஸ்ட்டிடம் கொடுக்கிறது. கெஸ்ட்டோ பிரிட்டிஷ் லேஅவுட்டில் இருக்கிறது. அங்கே ஷிப்டும் 40ம் சேர்ந்தால் @. நீங்கள் மேற்கோள் குறி போட்டீர்கள், திரையில் @ விழுகிறது. இரு முனைகளிலும் அமைப்பு சரி. தப்பு நடுவில் இருக்கிறது, அதுவும் கெஸ்ட்டுக்குள் எங்கே தேடினாலும் கண்ணில் படாத இடத்தில்.

இதற்குத் தீர்வாக கியூஇஎம்யூ விஎன்சியில் ஒரு நீட்டிப்பைச் சேர்த்தது. எழுத்தோடு கூடவே ஸ்கேன்கோடையும் அனுப்பும் வசதி அது. டைகர்விஎன்சி, நோவிஎன்சி, விர்ட் வியூவர் ஆகிய செயலிகள் அதைப் புரிந்துகொள்ளும். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: கியூஇஎம்யூவில் கீமேப் என்று ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டுவிட்டால், ஸ்கேன்கோட் வந்தாலும் அது அதைப் பார்ப்பதில்லை, கீமேப்பையே பிடித்துக்கொள்ளும். ஆகவே விர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் அந்த வரி இருந்தால் எடுத்துவிடுவதே முதல் வைத்தியம். ‘சரியான’ கீமேப்பைத் தேடித் தேடி மாற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். பல இடங்களில் எதையும் குறிப்பிடாமல் விடுவதே சரி.

ஆர்டிபியில் கதை வேறு. இடம் இடமாகவே போகிறது, எழுத்தாவது தொலைவில். ஆனால் இணைப்பு தொடங்கும்போதே உங்கள் கணினி தன் லேஅவுட்டின் எண்ணையும் சொல்லிவிடும்: அமெரிக்க ஆங்கிலம் 1033, தமிழ் 1097 என்று. விண்டோஸ் சர்வர் அதைக் கேட்டு, தன் பட்டியலில் இல்லாத லேஅவுட்டைக்கூட அந்த அமர்வில் சேர்த்துக்கொள்ளும். நீங்கள் சர்வரில் எதையுமே மாற்றாதபோது திடீரென்று ஒரு புது லேஅவுட் முளைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அது வேண்டாம் என்றால் சர்வரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்), கீபோர்டு லேஅவுட் பகுதியில், ‘இக்னோர் ரிமோட் கீபோர்டு லேஅவுட்’ என்ற மதிப்பை 1 ஆக வைக்க வேண்டும்.

லேஅவுட் கோளாறு முதலில் தலைகாட்டும் இடம் பாஸ்வேர்டுப் பெட்டி. அங்கே தட்டுவது புள்ளிகளாகத்தான் தெரியும், அதனால் என்ன விழுகிறது என்றே தெரியாது. பாஸ்வேர்டு தப்பு என்று மறுபடி மறுபடி வந்தால், அக்கவுன்ட் பூட்டிக்கொள்வதற்கு முன் பயனர்பெயர்ப் பெட்டியில் ஷிப்டை அழுத்தியபடி 2, ஒற்றை மேற்கோள் விசை, ஒய், இசட் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். இந்த நான்கே போதும், எந்த லேஅவுட்டில் சிக்கியிருக்கிறீர்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். முழுப் பாஸ்வேர்டையும் அங்கே தட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது அது எல்லோர் கண்ணிலும் படும்.

இனி இரண்டாவது கேள்வி: விட்ட செய்தி. ஆல்டும் டேபும் அழுத்தி வேறு ஜன்னலுக்குத் தாவும்போது என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்ப்போம். ஆல்ட் அழுந்துகிறது, கவனம் ரிமோட் ஜன்னலில் இருப்பதால் அந்தச் செய்தி தொலைவுக்குப் போய்விடுகிறது. டேப் அழுந்துகிறது, அதை உங்கள் கணினியே எடுத்துக்கொண்டு ஜன்னலை மாற்றுகிறது. இப்போது ஆல்டை விடுகிறீர்கள். ஆனால் கவனம் வேறு ஜன்னலுக்கு வந்துவிட்டதே, விட்ட செய்தி அங்கேதான் போகும். தொலைவில் இருக்கும் இயங்குதளத்தைப் பொறுத்தவரை ஆல்ட் இன்னும் அழுந்தித்தான் இருக்கிறது. திரும்பி வந்து எஃப் என்று தட்டினால் எழுத்து விழாமல் மெனு திறக்கும். விண்டோஸ் விசை இப்படி மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம்: ஒவ்வோர் எழுத்தும் ஒரு குறுக்குவழியாகி, எல் தட்டியதும் திரையே பூட்டிக்கொள்ளும்.

ஆர்டிபியை வடிவமைத்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். அதில் ஒத்திசைவுச் செய்தி என்று ஒன்று உண்டு. கேப்ஸ் லாக், நம் லாக் போன்றவற்றின் நிலையைச் சொல்வதோடு, எல்லா விசைகளும் விடுபட்டதாக எடுத்துக்கொள் என்றும் அது சர்வருக்குச் சொல்லும். விஎன்சியில் அப்படி எதுவும் இல்லை. செயலிதான் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு விசையையும் விடுவிக்க வேண்டும். ஆர்டிபிக்குள் ஒரு கன்சோல், கன்சோலுக்குள் ஒரு கெஸ்ட் என்று அடுக்கும்போது, வெளி அடுக்கில் நடந்த ஒத்திசைவு உள் அடுக்குவரை போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வைத்தியம் எளிது. கன்சோல் ஜன்னலுக்குள் கிளிக் செய்து, இடது வலது என்று இரு பக்கத்து ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் விசைகளையும் விண்டோஸ் விசையையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். விட்ட செய்தி புதிதாகப் போய்ச் சேரும், முடிச்சு அவிழ்ந்துவிடும். இரு பக்கமும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வலது கண்ட்ரோலுக்கும் இடது கண்ட்ரோலுக்கும் ஸ்கேன்கோட் வேறு. மாட்டியிருப்பது வலது என்றால் இடதை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை.

விட்ட செய்தி தொலையாமல், தாமதமாக வந்தால்? ஒரு முறை தட்டிய எழுத்து வரிசையாக ஐந்தாறு முறை விழும். ஒரு விசை அழுந்தியே இருந்தால் கொஞ்ச நேரம் பொறுத்து அதைத் திரும்பத் திரும்பப் போடுவது வழக்கம். லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ் சர்வரில் அந்தப் பொறுமை வழக்கமாக 660 மில்லி விநாடி. நீங்கள் விரலை உடனே எடுத்திருந்தாலும், வலை நடுவில் ஒரு விநாடி திணறினால், கெஸ்ட்டின் பார்வையில் விசை ஒரு விநாடி அழுந்தியிருந்ததாகவே கணக்கு. விஎம்வேர் என்ற ஹைப்பர்வைசரில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு: டைப்மேட்டிக் (விசை திரும்பத் திரும்ப விழுவது) குறைந்தபட்சத் தாமதத்தை 2000000 மைக்ரோ விநாடி, அதாவது 2 விநாடி ஆக்குவது. கெஸ்ட்டிலேயே விசை திரும்ப விழுவதை நிறுத்திவிட்டாலும் அதே பலன்.

சில விசைகள் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் அதை எந்தச் செயலிக்கும் கொடுக்காது. பாஸ்வேர்டு கேட்கும் போலித் திரையைக் காட்டி யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே போட்ட பூட்டு அது. அதனால்தான் ஆர்டிபியில் டெலிட்டுக்குப் பதில் எண்ட் விசை, விஎம்வேரில் இன்சர்ட், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் ஹோஸ்ட் விசையோடு (அது தன் கட்டளைகளுக்கென ஒதுக்கிய விசை) டெலிட். விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட் விசை வழக்கமாக வலது கண்ட்ரோல் என்பதால், அந்த விசை கெஸ்ட்டுக்குப் போகவில்லையே என்று தேட வேண்டாம். விண்டோஸ் விசைக் கூட்டுகள் எங்கே போக வேண்டும் என்பதை ரிமோட் டெஸ்க்டாப் செயலியில் ‘லோக்கல் ரிசோர்சஸ்’ பக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம். முழுத்திரையில் மட்டும் தொலைவுக்கு என்பதே அங்கே வழக்கமான தேர்வு. ஜன்னலைச் சுருக்கியதும் குறுக்குவழிகள் நின்றுபோவது அதனால்தான்.

தமிழில் தட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்99 ஆனாலும் ஒலிபெயர்ப்பு ஆனாலும், விசைகளைச் சேர்த்து எழுத்தாக்கும் வேலை எங்காவது ஓரிடத்தில் மட்டும் நடக்க வேண்டும். பாதை ஸ்கேன்கோடை அனுப்பும் வகை என்றால் அந்த இடம் கெஸ்ட். உங்கள் கணினியில் தமிழை இயக்கி வைத்தாலும் அங்கே ஆங்கிலம்தான் விழும். கெஸ்ட்டில் தமிழை நிறுவுங்கள், உங்கள் பக்கம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்.

கோளாறு எந்த அடுக்கில் என்று கண்டுபிடிக்க வெளியிலிருந்து உள்ளே போங்கள். தொலைவில் இருக்கும் கணினியின் நோட்பேடில், கன்சோலுக்கு வெளியே, முதலில் தட்டிப் பாருங்கள். அங்கேயே தப்பாக விழுந்தால் விர்ச்சுவல் மெஷினைத் தொடவே வேண்டாம். அங்கே சரியாக விழுந்தால் அப்புறம் கெஸ்ட்டுக்குள் போகலாம். லினக்ஸ் கெஸ்ட்டில் இவிடெஸ்ட் என்ற கருவி கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப்பகுதி) வந்த எண்ணைக் காட்டும், எக்ஸ்இவி அது என்ன எழுத்தானது என்பதைக் காட்டும். ஏ தட்டும்போது இவிடெஸ்டில் 30 வருகிறது, எழுத்து மட்டும் வேறு என்றால் கெஸ்ட்டின் லேஅவுட்தான் குற்றவாளி. எண்ணே வேறாக வந்தால் பாதையில் யாரோ மொழிபெயர்க்கிறார்கள். எக்ஸ்இவியில் பார்க்கும்போது அதே விசைக்கு 38 என்று எண் காட்டும், குழம்ப வேண்டாம். எக்ஸ் எப்போதும் 8ஐக் கூட்டிச் சொல்லும்.

அவசரமாக வேலை முடிய வேண்டும் என்றால் கன்சோலையே தவிர்த்துவிடலாம். எஸ்எஸ்ஹெச் (எழுத்துக் கட்டளைகளால் தொலைக் கணினியை இயக்கும் ஏற்பாடு) வழியே கெஸ்ட்டுக்குள் நுழைந்தால் போவது விசை இல்லை, எழுத்தின் பைட்கள். நடுவில் யாரும் திருப்ப வேண்டியதில்லை. விண்டோஸ் கெஸ்ட் என்றால் அதற்குள்ளேயே நேராக ஆர்டிபியில் இணையலாம். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியின் மேம்பட்ட அமர்வும் உள்ளுக்குள் ஆர்டிபிதான். ஆனால் கிளிப்போர்டில் இருப்பதைத் தட்டிக் கொடுக்கும் வசதியை நம்பும்போது கவனம் தேவை. அது எழுத்தை ஒட்டுவதில்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் பொய்யாக விசைகளை அழுத்துகிறது. லேஅவுட் பொருந்தாவிட்டால் ஒட்டிய பாஸ்வேர்டும் தப்பாகத்தான் விழும்.

இந்த மாற்று வழிகள் எதுவும் உதவாத இடம், கெஸ்ட் முழுதாகத் துவங்குவதற்கு முந்தைய கட்டம். என்கிரிப்ட் செய்த வட்டின் பாஸ்வேர்டை, இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் க்ரப் என்ற நிரல் கேட்கும்போது உங்கள் லேஅவுட் இன்னும் ஏறியிருக்காது. தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் அது அமெரிக்க லேஅவுட்டையே எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் அப்போது இருக்காது, கன்சோல் மட்டும்தான். அந்த ஒரு பாஸ்வேர்டில் குறியீடுகளைத் தவிர்த்து, நீங்கள் பயன்படுத்தும் எல்லா லேஅவுட்களிலும் இடம் மாறாத எழுத்துகளை மட்டும் வைத்து, நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.