முடி கொட்டுவதற்கு சிங்கப்பூர்த் தண்ணீர் காரணமில்லை

"இந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கல டாக்டர்."

முடி கொட்டுகிறது என்று எங்கள் கிளினிக்குக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இதுவரை சிரித்துக்கொண்டே பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். இனிமேல் சிரிப்பதாக இல்லை.

அண்மையில் ஓர் அம்மா வந்தார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐம்பதைத் தாண்டியவர், மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு வருடமாக முடி கொட்டுகிறதாம். முதலில் எண்ணெயை மாற்றினார், அடுத்து ஷாம்புவை. பிறகு முடிக்கென்று விற்கும் வைட்டமின் மிட்டாய். கடைசியில் மகன் இணையத்தில் வாங்கிக் கொடுத்த ஷவர் ஃபில்டர். புளோக்கில் மின்தூக்கி பழுதான அன்று மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தது, பகலெல்லாம் ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது, இவையெல்லாம் நான் துருவிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தன. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7-ஐக்கூடத் தொடவில்லை. அந்த வயதுப் பெண்ணுக்கு இரும்புச்சத்து அவ்வளவு வற்றியிருந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி.

அறுவைச் சிகிச்சை முடிந்து தேறி வருகிறார். ஆனால் ஒரு வருடம் போய்விட்டதே! அந்த ஒரு வருடமும் அவர் தண்ணீரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே தண்ணீர் விஷயத்தை இன்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முடி முளைப்பது தோலுக்கு அடியில் இருக்கும் வேரிலிருந்து. வேருக்கு வேண்டியதெல்லாம் ரத்தத்தின் வழியாகப் போகிறது. ஷவரில் விழும் தண்ணீர் தொடுவது, தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் உயிரில்லாத இழையை. குழாய்த் தண்ணீரில் கிருமி அண்டாமலிருக்க குளோரமின் சேர்க்கிறார்கள், உண்மைதான். தினமும் நீச்சல் குளத்தில் மணிக்கணக்காகக் கிடப்பவர்களுக்கு அங்குள்ள குளோரினால் முடி வறண்டு, சொரசொரத்து, நடுவில் ஒடிவதும் உண்மை. ஆனால் ஒடிவது வேறு, உதிர்வது வேறு. உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் மிகச் சிறிதாக வெள்ளை முடிச்சுப் போல இருந்தால் அது வேரிலிருந்து கழன்று வந்த முடி. அதைத் தண்ணீர் கழற்றவில்லை.

"நியூவாட்டர் கலக்கிறாங்களே டாக்டர்?" பயன்படுத்திய தண்ணீரைச் சுத்திகரித்துத் தயாரிப்பதுதான் நியூவாட்டர். 2003-லிருந்து கலக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் நிலையங்களுக்கும் போகிறது. சிறு பங்குதான் நீர்த்தேக்கங்களில் சேர்ந்து, மறுபடியும் சுத்திகரிக்கப்பட்டு வீட்டுக்கு வருகிறது. அதே தண்ணீரில்தான் உங்கள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் குளிக்கிறார், கீழ்வீட்டு மலாய் மக்சிக்கும் அதே குழாய்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல், வாளியெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் குளித்துவிட்டு வந்தவர்கள், இங்கே வந்து தண்ணீரைக் குறை சொல்வது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

"ஆனா இங்க வந்தப்புறம்தானே கொட்டுது?" இது நியாயமான கேள்வி. உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து அவை விழ இரண்டு மூன்று மாதம் ஆகும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, திடீரென்று எடை குறைவது எல்லாம் அதிர்ச்சிதான். ஊர் மாறி வந்து, தூக்கம் கெட்டு, சமைக்க நேரமில்லாமல் மூன்று வேளையும் உடனடி மீயைத் தின்று ஆறு கிலோ இளைத்தவருக்கு, சரியாக இங்கே செட்டிலான பிறகுதான் முடி கொட்டும். பழி தண்ணீர் மேல் விழும். 2020-ல் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது, கோவிட்டும் அதே வருடம். காய்ச்சல் போய் மூன்று மாதம் கழித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் காய்ச்சல் நினைவுக்கு வரவில்லை. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும். ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 முடி வரை விழுவது எல்லாருக்கும் உள்ளதுதான். வாரம் இருமுறை தலைக்குக் குளிப்பவர் மூன்று நான்கு நாள் முடியை ஒன்றாகப் பார்த்துப் பயப்படுகிறார்.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லையா? கூடவே களைப்பு, மூச்சு வாங்கல், மாதவிடாயில் மாற்றம், எடையில் மாற்றம் உண்டா? அப்போது ரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சேமிப்பு முதலில் கரையும், ஹீமோகுளோபின் அப்புறம்தான் இறங்கும். "போன வருஷம் பாத்தேன், நார்மல்" என்று சொல்பவர்களில் பலர் ஃபெரிட்டின் பார்த்திருக்கவே மாட்டார்கள். பச்சரிசி மெல்லுவது, திருநீறு தின்பது, ஐஸ் கடிப்பது இவற்றை வீட்டில் கெட்ட பழக்கம் என்று திட்டுவார்கள். எனக்கு அவை இரும்புக் குறைவின் அறிகுறிகள். மாதவிடாய் அதிகம் போகும் இளம்பெண்ணுக்கு இரும்பு குறைவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ குறைந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட முடியாது. 50 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைப் பெட்டியைச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகவே தருகிறது. வாங்கி வைத்து அலமாரியில் பூட்டாமல் செய்யுங்கள். ஆனால் அது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கான பரிசோதனை. ரத்தசோகை இருப்பவர் நேரே மருத்துவரிடம் வர வேண்டும்.

தைராய்டும் அப்படித்தான். முடி உதிர்வோடு தோல் வறட்சி, மலச்சிக்கல், புருவத்தின் வெளிப்பக்க முனை தேய்வது. இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குள் வருகிறவரைப் பார்த்தாலே என் கை தைராய்டு பரிசோதனைக்கு எழுதத் தொடங்கிவிடும். தாடையில் முடி முளைத்து, உச்சந்தலை மெலிந்து, மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும் பெண்களே, மாதாமாதம் லிட்டில் இந்தியா பார்லரில் திரெடிங் செய்துகொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு முறையாவது ஹார்மோனையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

சர்க்கரை என்றதும் கழுத்து நினைவுக்கு வருகிறது. இதிலும் எனக்குக் கோபம் உண்டு.

பிள்ளையின் பின்கழுத்து கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது. அக்குளிலும் அதேதான். அம்மா என்ன செய்கிறார்? "ஒழுங்கா தேச்சுக் குளிக்கிறதில்ல டாக்டர், எல்லாம் அழுக்கு" என்று என் முன்னாலேயே பிள்ளையைத் திட்டுகிறார். பீர்க்கங்கூடு, எலுமிச்சம்பழம், சர்க்கரை, பயத்தமாவு, எதை வைத்துத் தேய்த்தாலும் அது போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். அம்மா, அது அழுக்கில்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை, அதனால் ரத்தத்தில் இன்சுலின் ஏறிக் கிடக்கிறது, அந்த இன்சுலின் தோலை வளரத் தூண்டுகிறது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே கழுத்து சொல்லிவிடும். கழுத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி மருக்கள் தொங்குவதும் பல நேரம் இதே கதைதான். அவற்றைத் தலைமுடியால் கட்டி அறுத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். சிங்கப்பூர் 2016-ல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது, மேடைகளிலெல்லாம் பேசினோம். இந்தியர்களிடம் சீனர்களைவிட இந்த நோய் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இருந்தும் நம் வீடுகளில் கறுத்த கழுத்துக்கு சோப்புதான் மருந்து! எடை கொஞ்சம் குறைந்தாலே நிறம் தெளிவதைப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். ஒல்லியான, வயதான ஒருவருக்கு இது திடீரென்று வந்து வேகமாகப் பரவினால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். அரிது, ஆனால் தவறவிடக் கூடாது.

கறுப்பைப் போக்குகிறேன் என்று வெண்மை கிரீம் பூசுபவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத கிரீம்களில் கடும் ஸ்டீராய்டையும் பாதரசத்தையும் கண்டுபிடித்து சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரிப்பது புதிதில்லை. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கி, முகத்தில் பருவையும் சிவப்பையும் கொண்டுவந்து விட்டுப் போகும்.

வீட்டுப் பெரியவர்களின் அரிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். சொறி, தடிப்பு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டிருப்பார். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டி, கோடாலித் தைலம் தடவி, "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். பலருக்கு வெறும் வறட்சிதான். ஏர்கான் அறை, வெந்நீர்க் குளியல், கடும் சோப்பு இவற்றைக் குறைத்து, ஈரம் காக்கும் களிம்பை இரண்டு வாரம் தாராளமாகப் பூசினால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கண் மஞ்சளாக, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள்.

சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இமையோரத்தில் மஞ்சள் படிவு தெரிந்தால் கொழுப்பு அளவைப் பாருங்கள். விரல் முட்டிகள் புதிதாகக் கறுத்தால், அதுவும் சைவம் சாப்பிடுபவராகவோ மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவராகவோ இருந்தால், வைட்டமின் பி12 அளவு. ஆணுறுப்பிலோ பெண்ணுறுப்பிலோ பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை. உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பில்லாத சிவந்த புள்ளிகள், தலையில் அங்கங்கே முடி உதிர்ந்த திட்டுகள் என்றால் மேகநோய்க்கு (சிஃபிலிஸ்) பரிசோதனை. வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊசியில் குணமாகும்.

விடுதியில் தங்கி வேலை செய்யும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. படர்தாமரைக்கு ஊரிலிருந்து வரும் கலப்புக் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். இடுப்பில் ஆரம்பித்தது முதுகு முழுக்கப் படர்ந்த பிறகு வருகிறீர்கள். இன்னொன்று, தேமல் என்று நினைக்கும் வெளிறிய திட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலில் தெரியும் தொடுகை அங்கே தெரியாவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், தொழுநோயாக இருக்கலாம். பயப்படாதீர்கள், மாத்திரையில் முழுதாகக் குணமாகும் நோய் அது. தாமதித்தால்தான் நரம்பு போகும், விரல் மடங்கும்.

இதற்கெல்லாம் நேரே தோல் நிபுணரைத் தேடி ஓட வேண்டியதில்லை. உங்கள் குடும்ப மருத்துவரோ பலதுறை மருந்தகமோ போதும். தேவைப்பட்டால் அங்கிருந்து தேசியத் தோல் நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பலதுறை மருந்தகம் வழியாகப் போகும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியமும் உண்டு.

வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அந்த முடி மிட்டாய்களில் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் அளவு மிக அதிகம். அது ரத்தப் பரிசோதனை இயந்திரத்தையே ஏமாற்றும். ஒழுங்காக இருக்கும் தைராய்டு அதிகமாகச் சுரப்பது போலக் காட்டும், மாரடைப்புப் பரிசோதனையைக்கூடப் பொய்யாக்கும் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்தது. பரிசோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், மறந்துவிட்டால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். மிட்டாய்ப் புட்டி, கிரீம் டியூப், ஊர் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கொட்டிய முடியைப் பிளாஸ்டிக் பையில் சேர்த்துக் கொண்டுவர வேண்டாம், தலையைக் கொண்டுவந்தால் போதும்.