சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளனாகிய நான், "போன வருஷம்தான் சார் புதிதாகப் பூசினோம், அதற்குள் ஊறுகிறது" என்ற வாக்கியத்தை இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். இம்முறை கேட்ட இடம், நூறாண்டு கடந்த ஒரு கிராமத்து ரயில் நிலையம்; ஊர்ப் பெயர் வேண்டாம். பளபளப்பான பெயிண்டுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. பயணச்சீட்டுச் சாளரத்தின் மரச்சட்டம் விரலால் அழுத்தினாலே உள்ளே போகும் அளவுக்கு உளுத்திருந்தது.

சிமெண்ட் உறுதியானது, ஆகவே பழைய சுவருக்கும் அதுவே நல்லது என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் காரணம். சிமெண்டின் உறுதியை நான் மறுக்கவில்லை; அந்த உறுதிதான் இங்கே தொல்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமெண்டைப் பூசினால், மயிரிழை விரிசல் வழியாகவும் தரை வழியாகவும் புகுந்த நீர் வெளியேற முடியாமல், மழைக்கோட்டுக்குள் வியர்ப்பவனின் கதையாகச் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். அந்த ஈரத்தில் கரைந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தை மாவாக்கும். பிறகு பூச்சு உதிரும்போது செங்கல்லையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு வரும். பூச்சு சுவரைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வதானால் பூச்சு தேயட்டும், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது நாம் பற்சக்கர எஞ்சினைப் பற்றியே பேசினோம். 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் வரை ஏறும் அந்த 46 கிலோமீட்டர் பாதை 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. எஞ்சின் நின்று தண்ணீர் பிடிக்கும் ஹில்குரோவ் போன்ற சிறு நிலையங்களும் அந்தப் பாரம்பரியத்தைச் சேர்ந்தவையே. இரண்டு பருவமழையும் மூடுபனியும் உள்ள மலையில், பழைய சுவர் மூச்சுவிடுவது சமவெளியைவிட முக்கியம்.

பொறுப்பில் இருப்பவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன்: பூச்சைத் தொடுமுன் கூரையைப் பாருங்கள், உடைந்த கூரை ஓடுகளையும் அடைபட்ட நீர்த்தாரையையும் சரிசெய்தாலே பாதி ஈரம் போய்விடும். சுவரடியில் கான்கிரீட் கொட்டித் தரையை உயர்த்தாதீர்கள். எனாமல் பெயிண்ட் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்படியுங்கள். (கடுக்காயும் வெல்லமும் சேர்த்தால் எந்தக் காரையும் சிறந்துவிடும் என்போரிடமும் எனக்குச் சண்டை உண்டு, சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுச் சரியாக நீற்றாமல் கடுக்காயை மட்டும் ஊறவைத்து என்ன பயன்?) எதைக் கழற்றினாலும் முதலில் படமெடுங்கள், பழைய கதவையும் பயணச்சீட்டு அடுக்கையும் தயவுசெய்து விறகாக்கிவிடாதீர்கள்.

முதலில் சொன்ன அந்தக் கிராமத்து நிலையத்தில், சிமெண்டை உரித்துவிட்டு ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமனே காயவிடச் சொன்னேன். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றார்கள்.