டூலா: பிள்ளை பெற்றவளுக்குத் துணை வருபவரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் குழந்தையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் நேராகத் தாயிடம் போய், "ராத்திரி தூங்கினீங்களா? இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், அவர் டூலாவாக இருக்கக்கூடும்.

பிரசவ நேரத்திலும் அதற்குப் பிறகும் தாய்க்குப் பக்கபலமாக இருப்பதற்கென்றே பயிற்சி எடுத்துக்கொண்டு, அதையே தொழிலாகச் செய்பவர் டூலா. குழந்தை பிறந்தபின் வீட்டுக்கு வந்து உதவுபவரை 'போஸ்ட்பார்ட்டம் டூலா' என்கிறார்கள். இந்தச் சொல் தமிழ்ப் பேச்சிலும் எழுத்திலும் இப்போது அப்படியே புழங்குகிறது. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

பழைய கிரேக்கத்தில் 'தூலே' என்றால் அடிமைப் பெண். ஆண் அடிமை 'தூலோஸ்'. கிரேக்கம் பேசுகிறவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் இன்றும் உறுத்துவது இதனால்தான். இதற்கு இன்றைய பொருளைக் கொடுத்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டேனா ரஃபேல். தாய்ப்பாலூட்டல் பற்றி 1973-இல் வெளியிட்ட நூலில், புதிதாகப் பிள்ளை பெற்றவளின் அருகில் இருந்து அவளைத் தாங்கும் ஆளுக்கு இந்தப் பெயரை வைத்தார். பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால்தான் பாலூட்டல் தடையில்லாமல் நடக்கும் என்பது அவர் வாதம். ஒரு பெண் தாயாக மாறும் காலகட்டத்துக்கு 'மேட்ரெசன்ஸ்' என்று பெயரிட்டவரும் அவரே. 'தாயாதல்' என்று நாம் அதை எளிதாகச் சொல்லிவிடலாம்.

ஆக, டூலா என்ற சொல்லில் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள் தொடக்கத்திலேயே இருந்தன. அப்புறம் அது பிரசவ அறைக்குள் போனது. குழந்தை மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகியோர் பங்கேற்று குவாத்தமாலாவில் நடத்திய ஆய்வு 1980-இல் வெளிவந்தது. பிரசவ வலியின்போது கூடவே ஒரு பெண் துணை இருந்தவர்களுக்கு வலிநேரம் குறைந்ததை அது காட்டியது. 1992-இல் டூலாக்களுக்கென்று 'டோனா' என்ற அமைப்பு உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் இவர்களும் இருந்தார்கள். பிரசவ அறையோடு சொல் அவ்வளவு ஒட்டிப்போனதால், வீட்டுக்கு வருபவரைக் குறிக்க 'போஸ்ட்பார்ட்டம்' என்று முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 'பிரசவத்துக்குப் பின்' என்பது அதன் லத்தீன் பொருள்.

சரி, வீட்டுக்கு வந்து அவர் என்னதான் செய்கிறார்? தாய் பாலூட்ட உட்கார்கிறாள். குழந்தை வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கியதும் அவளுக்குத் தாகம் எடுக்கிறது. தண்ணீர் அறையின் அந்தப் பக்கம் இருக்கிறது. எழுந்தால் குழந்தை வாயை எடுத்துவிடும். டூலா தண்ணீரை முன்பே எடுத்து, தாயின் எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கம் வைத்திருப்பார். முழங்கைக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகுவார். குடித்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, "நீங்க படுங்க" என்பார். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அப்படியிருக்க, சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

அவர் மருத்துவம் பார்ப்பதில்லை. தையலைச் சோதிப்பதும் மருந்து கொடுப்பதும் அவர் வேலையில் சேராது. ஆனால் எதைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் ரத்தப்போக்கு, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், கண் மங்கலோடு வரும் கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இரண்டு வாரம் கடந்தும் விடாத அழுகை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், முதல் ஆறு வாரத்துக்குள் தாயையும் சேயையும் மூன்று முறையாவது சுகாதாரப் பணியாளர் பார்க்க வேண்டும், முதல் வாரத்தில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது நல்லது என்று இருக்கிறது. டூலா இருக்கிறாரே என்று இதைத் தவிர்த்துவிடக் கூடாது.

இனி தமிழுக்கு வருவோம். மருத்துவச்சி என்பவர் பிரசவம் பார்ப்பவர், அவர் வேறு. 'செவிலி' இன்று மருத்துவமனையில் பணியாற்றுபவரின் பெயர்; பழைய இலக்கியத்தில் வளர்ப்புத் தாய். 'தாதி' வடமொழியிலிருந்து வந்தது. பாலூட்டி வளர்ப்பவள் என்று பொருள். இலங்கையிலும் மலேசியாவிலும் செவிலியருக்கு அதுதான் வழங்குபெயர். 'ஆயா' போர்த்துக்கீசியம். மரபில் ஐவகைத் தாயர் என்று சொல்வார்கள்: பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள்! ஆனால் ஐந்து பேருமே பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

பணிப்பெண், உதவியாள் என்றெல்லாம் மொழிபெயர்ப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கிரேக்கச் சொல்லின் அடிமைத்தனத்தை நாமே தேடிப்போய் எடுத்துக்கொள்கிறோம். 'பேறுகாலத் தோழி' அழகான ஆக்கம். ஆனால் தோழி என்பதில் நட்பு தெரிகிற அளவுக்குத் தொழில் தெரியவில்லை. பேறுகாலம் என்பதோ பிரசவத்துக்கு முன், பின் இரண்டையும் சேர்த்துச் சுட்டுகிறது.

'பின்' என்பதற்கு நம்மிடம் தனிச்சொல்லே இருக்கிறது: புனிறு. தொல்காப்பியம் உரியியலில் "புனிறு என் கிளவி ஈன்று அணிமைப் பொருட்டே" என்கிறது. ஈன்று அதிக நாளாகாத நிலைக்குப் பெயர் புனிறு. போஸ்ட்பார்ட்டம் என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது. அண்மையில் கன்று ஈன்ற பசுவைப் புனிற்றா என்பார்கள். குட்டி ஈன்று பசித்துக் கிடக்கும் பெண்புலிக்காக ஆண்புலி இரை தேடிப் போவதையும் சங்கப் பாடல்களில் காண்கிறோம். அந்தக் காட்சியில் கவனம் முழுவதும் ஈன்ற உயிரின் பசிமேல் இருக்கிறது. டூலாவின் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, துணை. "ஆஸ்பத்திரியில் துணைக்கு யார் இருக்கா?" என்று நாம் கேட்கும் அதே துணை. ஆணா பெண்ணா என்ற கேள்வி எழாது, ஏவல் தொனியும் இல்லை. துணைவி என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது மனைவியைக் குறிக்கும்.

இரண்டையும் சேர்த்தால் புனிற்றுத் துணை. புனிறு என்ற சொல் இன்று பலருக்குப் பழக்கமில்லைதான். அதனால் பேச்சிலும் பொது அறிவிப்புகளிலும் 'பேறுகாலத் துணை' என்றே சொல்லலாம். பிரசவ அறையில் உடனிருப்பவரையும் அது குறிக்கும். பிந்தைய நாட்களை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் புனிற்றுத் துணை என்று எழுதி, முதல் தடவை பக்கத்தில் டூலா என்று சேர்த்துவிட்டால் போதும். அந்த ஆறு வாரம் புனிற்றுக் காலம், அப்போதைய கவனிப்பு புனிற்றுப் பராமரிப்பு, அப்போது வரும் மனச்சோர்வு புனிற்று மனச்சோர்வு.