மூன்று விரற்கடை குட்டையான ஸ்பிரிங்

மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு பட்டறை. எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரையில் இரண்டு ஸ்பிரிங்குகள் அருகருகே நின்றன. ஒன்று சித்தி மகனின் காரிலிருந்து அப்போதுதான் கழற்றியது; துருவும் சேறும் அப்பிக் கிடந்தது. மற்றது பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சிவப்பு. காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் என்று சொல்லி விற்கப்பட்டது. ஆனால் பழையதைவிட மூன்று விரற்கடை குட்டையாக இருந்தது. டேப்பை வைத்தால் 55 மில்லிமீட்டர்.

“ஏமாற்றிவிட்டார்களா அண்ணே?” என்றான் தம்பி. இல்லை, கணக்கே அப்படித்தான்.

ஒரு முன்சக்கரத்தின் ஸ்பிரிங் மேல் 250 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழையது 2 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் ரகம் என்றால், 125 மி.மீ. அமுங்கி நிற்கும். பாரம் கூடும் அதே விகிதத்தில் ஸ்பிரிங் அமுங்கும் என்பது ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி. புதியது கொஞ்சம் கெட்டி, 1 மி.மீ. அமுங்க 2.5 கிலோ கேட்கும். அதே பாரத்துக்கு 100 மி.மீ.தான் அமுங்கும். நீளத்தைக் குறைக்காமல் இதை மாட்டியிருந்தால் கார் தாழ்வதற்குப் பதிலாக 25 மி.மீ. உயர்ந்திருக்கும்! அந்த 25, தாழ்த்த வேண்டிய 30, ஆக 55.

பிறகு எதற்குக் கெட்டியாக்க வேண்டும்? முன்பு சக்கரம் மேலே ஏற 80 மி.மீ. இடம் இருந்தது என்றால் இப்போது 50தான். அதற்குள் மேட்டின் அடியைத் தாங்கியாக வேண்டும். ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80ஐ 50 ஆக்கிவிட்டு அதே அடியைத் தாங்கச் சொன்னால் ஸ்பிரிங் இரண்டரை மடங்கு கெட்டியாக வேண்டும். அப்படிச் செய்தால் பின்சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆகவே கால் பங்கு மட்டும் கூட்டிவிட்டு, மிச்சத்தை பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் தடுப்பின் தலையில் கட்டுகிறார்கள். தாழ்த்திய கார் பள்ளத்தில் ‘டொம்’ என்று சத்தமிடுவது அந்த ரப்பரில் போய் இடிப்பதால்தான்.

கெட்டியாக்குவது எளிது. சுற்றும் அகலமும் மாறாமல் 12 மி.மீ. கம்பியை 12.7 ஆக்கினால் போதும், கால் பங்கு கூடிவிடும். கெட்டித்தன்மை கம்பித் தடிமனின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறுகிறது. இன்னொரு வழி சுற்றுகளைக் குறைப்பது. காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் கிரைண்டரால் ஒரு சுற்றை அறுத்துவிடுவது இதை நம்பித்தான். ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகிறது, காரும் தாழ்கிறது. அதுவரை இயற்பியல் அவர்கள் பக்கம்தான். அறுத்த முனை இருக்கையில் சரியாகப் பொருந்தாது என்பது போகட்டும். பெரிய சிக்கல் வேறு; அது கடையில் வாங்கிய ஸ்பிரிங்குக்கும் உண்டு.

சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போது, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு விரிகிறது. முன்பு அது 80 மி.மீ. விரியும்; 125 மி.மீ. அமுங்கியிருந்த ஸ்பிரிங்கில் அப்போதும் 45 மி.மீ. இறுக்கம் மிச்சம் இருந்தது. தாழ்த்திய காரில் அதே ஷாக் 110 மி.மீ. விரிகிறது. புது ஸ்பிரிங்கின் அமுக்கமோ மொத்தமே 100. ஸ்பிரிங் 10 மி.மீ. தளர்ந்து ஆடும், திரும்ப உட்காரும்போது இடம் மாறி உட்காரலாம். ஸ்பிரிங்கோடு குட்டையான ஷாக்கையும் சேர்த்து விற்பது வெறும் வியாபாரத் தந்திரம் அல்ல.

ஷாக்கின் உள்ளே நடப்பது சின்ன வேலை. எண்ணெய் நிறைந்த குழாயில் பிஸ்டன் நகர்கிறது. சிறு துளைகள் வழியே எண்ணெய் திணறிக்கொண்டு போகிறது. ஆட்டம் சூடாக மாறுகிறது. அழகர்கோவில் சாலையில் ஓட்டிவிட்டு வந்து குழாயைத் தொட்டால் கைக்கே தெரியும். அந்தக் காலத்து வில்வண்டியில் இந்தக் குழாய் கிடையாது. அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தை அடக்கின. சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த உரசல் வாய்க்கவில்லை. தனியே விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். கால் பங்கு கெட்டியான ஸ்பிரிங்கை முன்போலவே அடக்க ஷாக் ஏறக்குறைய 12 சதவீதம் பலமாக இருந்தால் போதும். நல்ல நிலையில் உள்ள பழைய ஷாக் இதைச் சமாளித்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். தம்பியின் ஷாக்கில் எண்ணெய் கசிந்து புழுதி பசையாக ஒட்டியிருந்தது. அது வேறு கதை.

வளைவில் கார் சாயாமல் திரும்புகிறது என்று அவன் மகிழ்ந்தான். அதில் பெரும்பங்கு கெட்டி ஸ்பிரிங்குக்கு உரியது. ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்திலிருந்து 30 இறங்கினால் வெளிச்சக்கரத்துக்குத் தாவும் பாரம் 5 சதவீதம்தான் குறையும். சக்கரக் கோணங்களும் மாறிவிடும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி வேகத்தடை. சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள கார் அதன் உச்சியைக் கடக்கும்போது வயிற்றுக்குள் புகுவது 5 செ.மீ.கூட இல்லை. ஒரே ராத்திரியில் ஊருக்குள் முளைக்கும் வேகத்தடைக்கு அந்த விதி தெரியாது. அகலம் இரண்டு முழம், பத்து செ.மீ.யும் அப்படியே வயிற்றுக்கு அடியில் வரும். தம்பியின் காருக்குக் காலியாக 170 மி.மீ. தரை இடைவெளி இருந்தது, தாழ்த்தியதும் 140. நான்கு பேரும் சாமான்களுமாக 300 கிலோ ஏறினால், நான்கு ஸ்பிரிங்குகளும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 10 கிலோ தாங்கும் கணக்கில், இன்னும் 30 இறங்கி 110. வேகத்தடை 100 போக மிச்சம் 1 செ.மீ.; அதுவும் கார் துள்ளாமல் ஊர்ந்தால்.

போன மாதம் அழகர்கோவிலுக்குப் போனபோது அப்படிப்பட்ட ஒவ்வொரு தடைக்கும் முன்னால் சித்தி புளியோதரைத் தூக்கோடு இறங்கி நடந்தார். அதில் எங்களுக்கு 6 மி.மீ. கிடைத்தது.