ரோமரின் வீட்டுப் பூச்சிகளும் அறிவியல் பெயர்களும்

மூட்டைப்பூச்சியின் அறிவியல் பெயர் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். ரோமானியர்கள் தம் படுக்கையில் கடித்த இதே பூச்சியை அன்றாடப் பேச்சில் சைமெக்ஸ் என்றுதான் அழைத்தார்கள். லெக்டுலேரியஸ் என்பதற்குக் கட்டிலுக்கு உரியது என்று பொருள். அவ்வாறே ஈ அவர்களுக்கு மஸ்கா, எறும்பு ஃபார்மிகா, தேனீ ஏபிஸ், கொசு கியூலெக்ஸ், தெள்ளுப்பூச்சி பியூலெக்ஸ், குளவி வெஸ்பா. சமையலறையிலும் தொழுவத்திலும் புழங்கிய இந்தச் சொற்கள் இன்று உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் வழங்குவதற்குக் காரணம், ஸ்வீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பாகும்.

அதற்கு முன் ஓர் உயிரினத்தின் பெயர் என்பது பெரும்பாலும் அதன் உருவத்தை விவரிக்கும் ஒரு முழு வரியாக இருந்தது. புதிய இனம் ஒன்று கண்டறியப்படும்போதெல்லாம், பழையதிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதற்காக அந்த வரியை நீட்ட வேண்டியிருந்தது. லின்னேயஸ் விவரிப்பையும் பெயரையும் தனித்தனியாகப் பிரித்தார். பேரினத்துக்கு ஒரு சொல், அதற்குள் அடங்கும் சிற்றினத்துக்கு இன்னொரு சொல் என இரண்டே சொற்கள் போதும் என்றார். பேரினப் பெயர்களுக்கு ரோமானியரின் பழஞ்சொற்கள் பலவற்றை எடுத்துக்கொண்ட அவர், அவற்றின் பழைய பொருளை எப்போதும் காப்பாற்றவில்லை. பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினியின் எழுத்தில் சிசிண்டெலா என்பது மின்மினியைக் குறித்தது. லின்னேயஸ் அதைப் புலிவண்டுகளுக்குச் சூட்டினார். மரத்தைத் துளைக்கும் புழுவைக் குறித்த டெர்மிஸ் கறையானுக்குப் போயிற்று. ஆகவே ஒரு லத்தீன் பெயரின் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த உயிரினம் எதுவென்று முடிவு செய்ய முடியாது.

வளர்ச்சிப் பருவங்களுக்கு லின்னேயஸ் நிலைபெறச் செய்த மூன்று சொற்களில் அவருடைய கற்பனை வளம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. புழுப் பருவத்தைக் குறிக்கும் லார்வா என்பது லத்தீனில் பேயையும் முகமூடியையும் குறித்த சொல். வளர்ந்த பூச்சியின் உண்மை உருவத்தைப் புழுவின் தோற்றம் மறைத்து வைக்கிறது என்பது கருத்து. கூட்டுப்புழுவைக் குறிக்கும் பியூப்பா என்றால் பொம்மை. முகமூடி கழன்றபின் வெளிப்படும் முதிர்ந்த பூச்சிக்கு உருவம் என்ற பொருளில் இமாகோ எனப் பெயரிட்டார். உருமாற்றம் என்ற நிகழ்வை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கலைச்சொற்கள் உயிரியலில் குறைவு என்றே நான் கருதுகிறேன்.

இந்தப் பெயர்கள் லத்தீன் இலக்கணத்துக்கும் கட்டுப்பட்டவை. தமிழில் நல்ல மகன், நல்ல மகள் என்னும்போது 'நல்ல' என்ற சொல் மாறுவதில்லை. லத்தீனிலோ பெயரடை தான் தழுவும் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்பத் தன் ஈற்றை மாற்றிக்கொள்ளும். மஸ்கா பெண்பால் சொல் என்பதால் வீட்டு ஈ மஸ்கா டொமெஸ்டிகா ஆயிற்று. கியூலெக்ஸ் ஆண்பால் என்பதால் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் என்று முடிகிறது. ஐந்து பட்டைகளை உடையது என்பது அதன் பொருள். டெங்குவைப் பரப்பும் கொசுக்களில் ஒன்றான ஏடிஸ் அல்போபிக்டஸை 2004-இல் சில ஆய்வாளர்கள் ஸ்டெகோமியா என்ற பேரினத்துக்கு மாற்ற முன்வந்தபோது, அந்தச் சொல் பெண்பால் என்பதால் அல்போபிக்டா என்று எழுத வேண்டி வந்தது. மருத்துவத் துறையில் பலரும் இதை எதிர்த்தனர். பழைய பெயரே இன்றும் பரவலாக வழங்குகிறது.

பெயரின் பொருள் தவறாக இருந்தால் திருத்தலாமா? ஐரோப்பியத் தேனீக்கு 1758-இல் ஏபிஸ் மெல்லிஃபெரா, அதாவது தேனைச் சுமப்பது, என்று லின்னேயஸ் பெயரிட்டார். தேனீ மலரிலிருந்து சுமந்து வருவது தேனை அன்று, மலர்மதுவை. தேன் கூட்டில்தான் உருவாகிறது. 1761-இல் அவரே அதைத் தேனை ஆக்குவது என்ற பொருளில் மெல்லிஃபிகா என்று மாற்றினார். ஆயினும், முறையாக முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் பெயரீட்டு விதி. எனவே பெயரிட்டவர் செய்த திருத்தமே செல்லாமல் போய், மெல்லிஃபெரா நிலைத்தது. இந்த விதி கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் அறிவு வளரும்தோறும் பெயர்களை மாற்றிக்கொண்டிருந்தால் நூறாண்டுக்கு முந்தைய ஆய்வு எந்தப் பூச்சியைப் பற்றியது என்பதே தெரியாமல் போகும்.

சிற்றினப் பெயர் இவ்வாறு உறுதியாக நிற்க, பேரினங்களின் எல்லை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. லின்னேயஸுக்கு எல்லா எறும்புகளும் ஃபார்மிகா, எல்லா வண்ணத்துப்பூச்சிகளும் பாப்பிலியோ. இன்று பாப்பிலியோ என்பது 'அழகிகள்' எனப்படும் வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தின் ஒரு பகுதி மட்டுமே. ஃபார்மிகா பெரும்பாலும் வடகோளத்தின் குளிர்ந்த நிலங்களில் வாழும் எறும்புகளைக் குறிக்கிறது.

நம் மாமரங்களில் இலைகளைத் தன் புழுக்களின் பட்டிழையால் இணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பின் பெயரில் இந்த வரலாறு பதிந்துள்ளது. லின்னேயஸின் மாணவர் ஃபேப்ரிசியஸ் ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயரிட்டவர். டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியிலிருந்து சென்ற பூச்சிகளும் அவர் நூல்களில் இடம்பெற்றுள்ளன. 1775-இல் அவர் முசுறுக்கு ஃபார்மிகா ஸ்மரக்டினா என்று பெயர் வைத்தார். ஸ்மரக்டினா என்றால் மரகத நிறமுடையது. நம் ஊரில் வேலைக்கார எறும்புகள் செம்பழுப்பாக இருந்தாலும், அவற்றின் அரசி பச்சை நிறம் கொண்டது. 1860-இல் அந்த எறும்புக்கு ஈகோபில்லா என்ற தனிப் பேரினம் அமைந்தது. அதுமுதல் அதன் முழுப்பெயர் ஈகோபில்லா ஸ்மரக்டினா (ஃபேப்ரிசியஸ், 1775) என்று எழுதப்படுகிறது. பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து அந்தச் சிற்றினம் பின்னர் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். இரண்டு பேரினப் பெயர்களும் பெண்பாற்சொற்கள் என்பதால், ஸ்மரக்டினாவின் ஈறு மாறவில்லை.