"மறந்திடு" எண்டு சொல்லாதீங்க: பிடிஎஸ்டி பற்றிக் கொஞ்சம் கதைப்பம்

கொழும்பில உளவளத்துணை வேலை செய்ற எங்களிட்ட "எனக்கு மனசு சரியில்ல" எண்டு சொல்லிக்கொண்டு நேர வாற ஆக்கள் குறைவு. நெஞ்சு படபடக்குது, நித்திரை இல்ல, வயிறு எரியுது, பிடரி இழுக்குது எண்டு உடம்புக்குத்தான் முதல்ல மருந்து தேடுவாங்க, ஈசிஜி எடுத்து, தைரொய்ட் பாத்து, எல்லா ரிப்போட்டும் நோர்மல் எண்டு வந்த பிறகு ஆராவது ஒரு டொக்டர் கடிதம் குடுத்து அனுப்பினாத்தான் எங்களிட்ட வாறது. அதுக்குள்ள சிலபேருக்கு வருஷக்கணக்காப் போயிருக்கும்.

ஸ்ட்ரெஸ் வேற, பிடிஎஸ்டி (PTSD, பெரிய அதிர்ச்சி ஒண்டுக்குப் பிறகு விடாம இருக்கிற மனநோய்) வேற. வீட்டு வாடகை, பிள்ளையிட ஸ்கொலர்ஷிப் எக்ஸாம், ஒபிஸ்ல போஸிட ஏச்சு, இதுகளால வாறது ஸ்ட்ரெஸ், காரணம் குறைஞ்சா அதுவும் பெரும்பாலும் குறையும். பிடிஎஸ்டி எண்டா உயிர் போற மாதிரி ஒரு சம்பவம், குண்டுவெடிப்போ எக்ஸிடன்டோ சுனாமியோ பாலியல் வன்முறையோ, நடந்து முடிஞ்ச பிறகும் உடம்பு அது முடியேல்ல எண்டே நம்பிக்கொண்டு இருக்கிறது. மூளையில ஆபத்த மணக்கிற அமிக்டலா எண்ட பகுதி ஓயாம வேலை செய்யும், அட்ரினலின் ஏறும், இதயம் அடிக்கும், ஒருக்கா கள்ளன் வந்த வீட்டு நாய் தபால்காரரப் பாத்தும் குரைக்கிற மாதிரித்தான். இதுக்கும் "மனத்தைரியம் இல்ல" எண்டு சொல்றதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வியட்நாம் போருக்குப் போய்வந்த ஆமிக்காரரிட்டயும் இதே பிரச்சினைதான், 1980ல அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இத ஒரு நோயாப் பட்டியல்ல சேர்த்ததுக்கு அவங்கட அனுபவமும் ஒரு காரணம்.

ஒரு அம்மாவப் பற்றிச் சொல்றன், அடையாளம் தெரியாம விபரங்கள மாத்தித்தான் சொல்றன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல குண்டு வெடிக்கேக்க அவ வெளியில நிண்டவ. உடம்பில ஒரு கீறலும் இல்ல, அதால வீட்டில ஆரும் கவனிக்கேல்ல. முதல்ல அவ கோயிலுக்குப் போறத விட்டா, பிறகு அந்த ரோட்டால போறத விட்டா, பிறகு பஸ்ஸில பெரிய பேக்கோட ஆராவது ஏறினா அடுத்த ஹோல்ட்ல இறங்கிடுவா, பிறகு சனம் கூடுற மார்க்கட், கடைசியில வீட்டு வாசலையே தாண்டுறேல்ல. ரோட்டில ஒரு ஓட்டோ டப் எண்டு சத்தம் போட்டாலும் வேர்த்துக்கொட்டி, கைப்பேக்க நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சுவரோட ஒட்டி நிப்பா. இரவில அதே கனவு. மகளோட சிரிச்சுக் கதைக்கிறதும் இல்லாமப் போச்சு.

வீட்டுக்காரர் அன்பாத்தான் சொன்னவங்க, "அத நினைக்காதீங்க, மறந்திடுங்க, அந்தப் பக்கம் போகாதீங்க" எண்டு. இந்த நோயில கனபேரும் சறுக்குற இடம் இதுதான். தவிர்த்தா அந்த நேரத்துக்கு நிம்மதியா இருக்கும், உண்மை, ஆனா அந்த இடத்தில இப்ப ஆபத்து இல்ல எண்டு மூளைக்குத் தெரிஞ்சுகொள்ளச் சந்தர்ப்பமே கிடைக்கிறேல்ல, அதால பயம் ஒவ்வொரு ரோட்டாப் பரவிக்கொண்டே போகும்.

அவவோட நாங்க செய்தது மெதுவான வேலை. பயப்பிடுற இடங்கள லேசில இருந்து கஷ்டம் வரைக்கும் எழுதி, முதல்ல பகல் நேரத்தில தங்கச்சியோட அந்த ரோட்டு முனையில போய் நிக்கிறது, நெஞ்சிடி ஏறும், ஏறட்டும், அது தானா இறங்கும் வரைக்கும் நிண்டுட்டுத்தான் திரும்புறது. அது அலுத்துப்போகும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்து, பிறகு அடுத்த படி. அண்டைக்கு நடந்ததையும் கிளினிக்ல வச்சு ஆரம்பத்தில இருந்து முடிவு வரைக்கும் சொல்ல வச்சம். இப்ப அவ செவ்வாய்க்கிழமைச் சனத்துக்க கோயிலுக்குப் போறா, கதவுக்குக் கிட்டத்தான் இருப்பா, இருக்கட்டும். தயவுசெய்து இத வாசிச்சுட்டு நீங்களா வீட்டில ஒராளில செய்து பாக்காதீங்க, பயிற்சி எடுத்த ஆள் பக்கத்தில இருக்கோணும்.

இப்பிடி ஒரு சம்பவம் நடந்து முதல் மாசத்துக்குள்ள பயக்கனவு, திடுக்கிடுறது, அழுகை எல்லாம் வாறது இயல்பு, பெரும்பாலான ஆக்களுக்குத் தானாக் குறையும். அந்த நாட்கள்ல "என்ன நடந்தது, சொல்லு சொல்லு" எண்டு தோண்டாதீங்க, அவங்களாச் சொன்னாக் கேளுங்க, சாப்பாடு, நித்திரை, பக்கத்தில ஒரு ஆள், அது போதும். சம்பவத்திட வீடியோவ குடும்ப வட்ஸ்அப் குரூப்ல போடுறத கட்டாயம் நிப்பாட்டுங்க. ஒரு மாசம் தாண்டியும் குறையாம, வேலைக்குப் போக ஏலாம, வீட்டாக்களோட ஒட்ட ஏலாம இருந்தாக் காட்டுங்க.

மருந்தும் இருக்குது. செர்ட்ரலின் மாதிரிக் குளிசைகள் உதவும், ஆனா வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், ரெண்டு நாள்ல ஒண்டும் நடக்கேல்ல எண்டு விட்டுடாதீங்க. தெரிஞ்ச பாமசியில நித்திரைக் குளிசை வாங்கிப் போடுறதும், இரவில சாராயம் எடுத்துட்டுப் படுக்கிறதும் எனக்கு உண்மையா மனவருத்தம் தாற விஷயம், அந்தக் குளிசை பழக்கமாகும், நோய் அப்பிடியே இருக்கும். நூல் கட்டுறீங்களா, நேர்த்தி வைக்கிறீங்களா, வைங்க, கிளினிக்க மட்டும் விடாதீங்க.

வெள்ளவத்தைப் பக்கம் 1983 யூலைக் கலவரத்தப் பாத்த வயசானவங்க சிலபேர் இண்டைக்கும் காணி உறுதி, பாஸ்போட், ஐசி (அடையாள அட்டை) எல்லாம் ஒரு பேக்ல போட்டு அலுமாரியில ரெடியா வச்சிருப்பாங்க. அத நோய் எண்டு சொல்ல மாட்டன், பட்ட ஆளிட முன்யோசனை அது. ஊரடங்கு எண்ட நியூஸ் கேட்டதும் நடுங்கி, நாள்க்கணக்காச் சாப்பிடாம விட்டாங்க எண்டாத்தான் கவனிக்கோணும்.

படபடப்பு வாற நேரத்துக்கு ஒண்டு: மூக்கால நாலு எண்ணி மூச்ச எடுத்து, ஆறு எண்ணி மெதுவா விடுங்க, விடுற மூச்சு நீளமா இருக்கோணும், அதுதான் இதயத் துடிப்பக் குறைக்கும். கால ரெண்டையும் நிலத்தில அழுத்தி வச்சு, கண்ணுக்கு முன்னால இருக்கிற சாமான்கள ஒவ்வொண்டாப் பேர் சொல்லுங்க. நோய மாத்தாது, அந்தப் பத்து நிமிஷத்தக் கடத்தும்.

"அங்கொடைக்குப் போனா பைத்தியம் எண்டு சொல்லுவாங்க, பிள்ளைக்குக் கலியாணம் பேசேலாது" எண்ட பயத்தில கனபேர் இழுத்தடிக்கிறாங்க. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்திட 1926 இலக்கத்துக்கு வீட்டில இருந்தே கோல் எடுத்துக் கதைக்கலாம், இரவிலயும். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்ல காசு எடுக்கிறதில்ல. போகேக்க ஏற்கனவே எடுத்த ரிப்போட்டுகளையும் இப்ப போடுற குளிசை எல்லாத்தையும் கொண்டு போங்க, கூட ஒரு ஆள் வந்தா இன்னும் நல்லம், நித்திரையில நீங்க கத்துறது, உளறுறது பக்கத்தில படுக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.